சவலையாக்கிய அறிவுரை

சவலை என்ற சொல்லை இப்போதைய இளம் தாய்மார்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. பாட்டிமார்களுக்கு அது அன்றாடச் சொல். தாய் மறுபடி கருவுற்றதும் முந்தைய பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பார்கள். அந்தப் பிள்ளை இளைத்து, வயிறு மட்டும் முன்தள்ளி, எதற்கெடுத்தாலும் சிணுங்கிக்கொண்டு இடுப்பைவிட்டு இறங்காது. "சவலை பாஞ்சிருச்சு" என்பார்கள். நோய் வந்த வழியும் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்பதற்கு முன்னால், அது எதிலிருந்து விலக்கப்பட்டது என்று கேட்கிற சொல் அது.

இதே கேள்வியைக் கேட்கும் இன்னொரு சொல் மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தது. ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், இன்று கானா எனப்படும் அன்றைய கோல்டு கோஸ்டில் 1930களின் தொடக்கத்தில் பணியாற்றினார். உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி இறக்கும் குழந்தைகளைப் பார்த்து, இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று பெண்களிடம் கேட்டார். கா மொழி பேசும் அவர்கள் சொன்ன பெயர் குவாஷியோர்கர். அடுத்த குழந்தை வந்ததும் முன்னதைப் பிடிக்கும் நோய் என்பது அதன் பொருள். 1933இல் அந்த நோயை விவரித்து எழுதிய அவர், 1935இல் அந்தப் பெயரையே மருத்துவ உலகுக்குத் தந்தார். நான்காண்டுகள் கழித்து, சிங்கப்பூரில் டப்பாப் பால் விற்பனையைக் கண்டித்து அவர் ஆற்றிய உரைக்கு 'பாலும் கொலையும்' என்று தலைப்பு வைத்தார்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் மறுபடி சவலையானார்கள். இந்தமுறை அவர்களை மார்பிலிருந்து இறக்கியது தம்பியோ தங்கையோ இல்லை. மருத்துவமனையில் கொடுக்கப்பட்ட அறிவுரை. எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையின் ஊட்டக்குறைவுக்கு இன்று அளிக்கப்படும் சிகிச்சையை எடைபோட விரும்பும் எவரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிணி எப்படி உண்டானது என்பதை மறந்துவிட்டு மருந்தை மட்டும் அளந்தால், அந்த மருந்து எங்கே நின்றுவிடுகிறது என்பது கண்ணில் படாது.

அறிவுரை சொன்னவர்களைக் குற்றவாளிகளாக்குவது நியாயமாகாது. தாய்ப்பாலில் வைரஸ் இருப்பது உண்மை. எந்த மருந்தும் இல்லாத நிலையில் கருவிலும் பிறப்பிலும் பாலிலுமாகச் சேர்த்து, 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுக்கு ஆளாகலாம். பாதுகாப்பான குழாய்த் தண்ணீரும் மின்னடுப்பும் உள்ள நாடுகள் தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னன. அங்கே அது பலித்தது. ஏழை நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் ஐந்து நிபந்தனைகளை வைத்தது. புட்டிப்பால் அந்தக் குடும்பத்துக்கு ஏற்புடையதா, இயலக்கூடியதா, கட்டுப்படியாகுமா, தடையின்றிக் கிடைக்குமா, பாதுகாப்பானதா? ஐந்துக்கும் 'ஆம்' என்றால் மட்டுமே தாய்ப்பாலைத் தவிர்க்கலாம். தாளில் பார்க்க இது செம்மையான விதி. நடைமுறையில், தொற்று தெரியவந்த அதிர்ச்சியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஒரு செவிலியர் பத்து நிமிடத்தில் கேட்டு முடிக்க வேண்டிய ஐந்து கேள்விகள். அந்தப் பெண்ணின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: உன் பாலில் நோய் இருக்கிறது.

போட்ஸ்வானா இதில் வசதியான நாடு. வைர வருமானம் உண்டு, நல்ல அரசு உண்டு. தொற்றுள்ள தாய்மாருக்கு அரசே இலவசமாகப் பால் பவுடர் கொடுத்தது. அந்த நாட்டில் 1,200 தாய்மார்களைக் கொண்டு நடந்த மாஷி ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக் குழந்தைகள் தாய்ப்பால் குடித்துக்கொண்டே தடுப்பு மருந்தும் எடுத்தார்கள். மறுபிரிவினர் புட்டிப்பால் குடித்தார்கள். ஏழாவது மாதத்தில் புட்டிப்பால் பிரிவில் தொற்று 5.6 விழுக்காடு, தாய்ப்பால் பிரிவில் 9. இதோடு நிறுத்தினால் புட்டிப்பாலுக்கே வெற்றி. ஆனால் அதே ஏழாவது மாதத்தில் புட்டிப்பால் பிரிவில் இறந்தவர்கள் 9.3 விழுக்காடு, தாய்ப்பால் பிரிவில் 4.9. வைரஸிடமிருந்து காப்பாற்றிய பிள்ளைகளை வயிற்றுப்போக்கிடமும் நிமோனியாவிடமும் கொடுத்திருந்தார்கள். பதினெட்டாவது மாதத்தில், தொற்றில்லாமல் உயிரோடிருந்த குழந்தைகளின் கணக்கு இரு பிரிவிலும் ஏறக்குறைய சமமாகிவிட்டது.

ஆய்வுக் குழுவின் கண்காணிப்பில் நடந்தது இது. வெளியே என்ன நடக்கும் என்பதை அதே காலத்தில் ஒரு மழை காட்டியது. 2005 இறுதியிலும் 2006 தொடக்கத்திலும் போட்ஸ்வானாவில் பெருமழை. குடிநீர் கெட்டது. கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கோடு கூட்டங்கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். பிரான்சிஸ்டவுன் மருத்துவமனையில் விசாரித்த குழுவினர், தாய்ப்பால் குடிக்காததே எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்தாக இருந்ததைக் கண்டார்கள். வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் பல குழந்தைகள் தேறவில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் பால் பவுடர், அதுவும் போதிய அளவில் வந்து சேரவில்லை. உடல் மெலிந்தும் வீங்கியும் கடும் ஊட்டக்குறைவுக்குள் போனார்கள்.

பக்கத்து நாடான ஜாம்பியாவின் லுசாக்காவில் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. முழுக்கப் புட்டிப்பால் வேண்டாம்; நான்கு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் இரு பக்க நன்மையும் கிடைக்காதா? 958 தாய்மார்கள் கலந்துகொண்டார்கள். பால் மறக்கடிக்கப்பட்ட குழந்தைகளுக்குக் குறைந்தது மூன்று மாதத்துக்கான பால் பவுடரும் சத்துமாவும் கையில் கொடுக்கப்பட்டன. 2008இல் வெளிவந்த முடிவில் இரண்டு வயதில் தொற்றின்றி உயிர்வாழ்வதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. ஏற்கெனவே தொற்றிவிட்ட குழந்தைகளின் கதிதான் மனத்தை உலுக்குகிறது. சட்டென்று நிறுத்தச் சொன்ன பிரிவில் அவர்களில் 73.6 விழுக்காட்டினர் இரண்டு வயதுக்குள் இறந்தார்கள். தொடர்ந்து பால் குடித்த பிரிவில் 54.8. இரண்டுமே கொடிய எண்கள். கூட்டு மருந்து எல்லோருக்கும் கிடைக்காத காலம் அது. ஆனால் இரண்டுக்கும் இடையே உள்ள அந்தப் பத்தொன்பது விழுக்காட்டுக் குழந்தைகளை நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். வைரஸ் தொற்றிவிட்ட பிறகு பாலை நிறுத்தியதால் அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. கடைசியாக இருந்த ஓர் அரணும் போயிற்று.

இதற்கு நேர்மாறான பாடம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்தது. 1999இலேயே அன்னா கூட்சூடிஸ் குழுவினர், தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளைவிடத் தாய்ப்பாலோடு வேறெதையும் சேர்த்துக் குடித்த குழந்தைகளுக்கே தொற்று அதிகம் என்று காட்டினார்கள். 2007இல் குவாசூலு-நடாலில் நடந்த பெரிய ஆய்வும் அதை உறுதி செய்தது. கஞ்சியும் மாவும் குடலின் மெல்லிய உட்சுவரைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழி திறப்பதாக விளக்கினார்கள். ஆகப் பாதியளவு பயம்தான் மிகக் கெட்டது. முழுக்கக் கொடுக்கவும் துணியாமல், மாமியாருக்குத் தெரியாமல் முழுக்க நிறுத்தவும் முடியாமல், பகலில் கஞ்சியும் இரவில் பாலுமாகக் கொடுத்த தாய்மார்கள் எத்தனையோ பேர். பால் பவுடர் டின்னைத் தூக்கிக்கொண்டு நடப்பதே ஊருக்கு நோயை அறிவிப்பதாக இருந்த இடங்களில், அந்தப் பெண்ணிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

முடிச்சு அவிழ்ந்தது மருந்தால். மலாவியின் லிலாங்வேயில் நடந்த ஆய்வின் முடிவு 2010இல் வந்தது. மருந்தில்லாத பிரிவில் 28ஆவது வாரத்துக்குள் பால்வழித் தொற்று 5.7 விழுக்காடு, தாய்க்கு மருந்து கொடுத்தபோது 2.9, குழந்தைக்குத் தினமும் நெவிரபின் கொடுத்தபோது 1.7. பிறகு நடந்த ஆய்வுகளில் இந்த அளவு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. 2011இல் மலாவி ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. கருவுற்ற தொற்றுள்ள பெண்கள் எல்லோருக்கும், இரத்தத்தின் எதிர்ப்பணுக் (சி.டி.4) கணக்கு பார்க்காமல், ஆயுள் முழுக்க ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. கூட்டு மருந்து. எதிர்ப்பணுவை எண்ணும் இயந்திரங்கள் எல்லா ஊரிலும் இல்லாத ஏழை நாடு தன் இல்லாமையிலிருந்து கண்டுபிடித்த வழி அது. பின்னர் உலகமே அதைப் பின்பற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தென்னாப்பிரிக்கா இலவசப் பால் பவுடர் வழங்குவதை நிறுத்துவதாக அறிவித்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம், மருந்தைத் தவறாமல் எடுக்கும் தாய் இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ பால் கொடுக்கலாம் என்றது.

லிலாங்வே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அங்கேயும் ஏழாவது மாதத்துக்குள் பாலை நிறுத்தும்படி தாய்மார்களுக்கு அறிவுறுத்தப்பட்டிருந்தது. நிறுத்திய பிறகு குழந்தைகளுக்குச் சத்துமிக்க நெய்ப்பசை உணவு கொடுக்கப்பட்டது. அப்படிக் கொடுத்தும் வயிற்றுப்போக்கும் இறப்பும் கூடின. கொடுத்த உணவில் கலோரிக்குக் குறைவில்லை. பாலில் உணவு ஒரு பங்குதான். மீதிப் பங்கு நோயெதிர்ப்பு. அதைப் பொட்டலத்தில் அடைக்க இன்னும் எவராலும் முடியவில்லை.

ஊட்டக்குறைவுக்கு இன்று கொடுக்கப்படும் பசைப் பொட்டலத்தைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். என் பார்வையில் கடந்த அரை நூற்றாண்டின் குழந்தை மருத்துவத்தில் அது ஒரு பெரும் சாதனை. 1996இல் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்தும் மிஷேல் லெஸ்கானும் உருவாக்கிய வேர்க்கடலைப் பசை அது. வேர்க்கடலை, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை, உயிர்ச்சத்து, தாதுக்கள். 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. தண்ணீர் சேர்ப்பதில்லை, அடுப்பு வேண்டாம், ஈரமில்லாததால் கிருமி வளராது. அதற்கு முன்பு கடும் ஊட்டக்குறைவு என்றால் வாரக்கணக்கில் வார்டில் கிடக்க வேண்டும். தாய் வீட்டைவிட்டு, மற்ற பிள்ளைகளை விட்டு, விதைப்பை விட்டு வந்து உட்கார வேண்டும். நெருக்கடியான வார்டில் ஒரு குழந்தையின் தொற்று மற்றொன்றுக்குப் பரவும். மார்க் மனாரியும் மலாவிய மருத்துவர்களும் அந்தப் பசையை வீட்டுக்கே கொடுத்தனுப்பி, வார்டு சிகிச்சையைவிட நன்றாகப் பிள்ளைகள் தேறுவதைக் காட்டினார்கள். மலாவியில் வேர்க்கடலைப் பசைக்குச் சிபோண்டே என்று பெயர். அந்த மருந்துணவுக்கும் மக்கள் அதே பெயரைச் சூட்டினார்கள். எச்.ஐ.வி. தொற்றிய குழந்தைகளும் அதில் தேறினார்கள், சற்று மெதுவாக. 2007இல் ஐ.நா. அமைப்புகள் இதைப் பொது வழிமுறையாக்கின.

மனாரியின் குழுவினர் மலாவியிலேயே செய்த இன்னொரு ஆய்வும் இங்கே சேர வேண்டியது. சிக்கலில்லாத கடும் ஊட்டக்குறைவுள்ள 2,767 குழந்தைகளுக்குப் பொட்டலத்தோடு நுண்ணுயிர்க்கொல்லியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் பொட்டலத்தில் இறப்பு 7.4 விழுக்காடு, அமாக்சிசிலின் சேர்த்தபோது 4.8. பசியும் தொற்றும் ஒன்றையொன்று தூக்கிப்பிடிக்கும் நோய்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இப்போது, இந்தச் சிகிச்சை எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கலாம்.

பொட்டலம் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குரியது. மேல்கையைச் சுற்றி 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு காட்டும் அந்த வண்ண நாடாவும் அதே வயதிலிருந்துதான். ஆனால் தொற்றுள்ள தாயின் குழந்தை தள்ளாடத் தொடங்குவது பெரும்பாலும் அதற்கு முன்பே. பிறக்கும்போதே எடை குறைவு, குறைமாதப் பிறப்பும் அதிகம். தாய் நோயாளியாக இருந்தால் பாலூட்டுவதிலும் சிக்கல். இரண்டாவது மாதத்தில், மூன்றாவது மாதத்தில் மெலியத் தொடங்கும் அந்தக் குழந்தைக்கு நீண்ட காலம் நெறிமுறையில் நல்ல இடமே இல்லாமல் இருந்தது. நீர்த்த எஃப்-100 சிகிச்சைப் பால், எடை ஏறியதா என்ற பார்வை, பிறகு வீடு. 2023இல்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வழிகாட்டுதல் ஆறு மாதத்துக்குட்பட்டவர்களைத் தனியாக எடுத்துப் பேசி, தாயையும் சேயையும் ஒரு சோடியாகப் பார்க்கச் சொன்னது. சிறு கைக்குழந்தைகளுக்கும் மேல்கை அளவு உண்டென்று ஏற்றது. பல கிராமச் சுகாதார நிலையங்களில் இன்னும் பழைய தாள்தான் சுவரில் ஒட்டியிருக்கும். ஆறு மாதத்துக்குட்பட்டது என்றால் 'பொட்டலம் இல்லை' என்று திருப்பியனுப்புவதே நடைமுறை.

அடுத்த தடுமாற்றம் பரிசோதனையில். விரலில் குத்திப் பார்க்கும் சாதாரணச் சோதனை எதிர்ப்பொருளைத் தேடுகிறது. தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்தத்தில் பதினெட்டு மாதம் வரை தங்கலாம். எனவே தொற்றிய குழந்தைக்கும் தொற்றாத குழந்தைக்கும் ஒரே பதில்தான் வரும். உண்மை தெரிய வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பி.சி.ஆர். வேண்டும். அட்டையில் இரத்தத் துளியை உலரவைத்து, வண்டியேற்றி, நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, பதில் திரும்ப வாரங்கள் ஆகும். சில இடங்களில் மாதங்களும் ஆகும். மருந்து கிடைக்காத தொற்றுக் குழந்தைகளில் பாதிப்பேர் இரண்டு வயதுக்குள் இறக்கிறார்கள். அந்த இறப்புகள் முதல் சில மாதங்களில்தான் குவிகின்றன. தபாலும் மரணமும் ஒரே காலத்தில் ஓடும் பந்தயம் இது.

பந்தயத்தில் முந்தினால் என்ன நடக்கும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் செர் ஆய்வு 2008இல் காட்டியது. ஆறு முதல் பன்னிரண்டு வார வயதில், அறிகுறி வரும்வரை காத்திராமல், உடனே மருந்து தொடங்கிய குழந்தைகளில் இறப்பு 4 விழுக்காடு. காத்திருந்த பிரிவில் 16. இதை அறிந்த பிறகும் ஊட்டக்குறைவு வார்டில் ஒரு குழந்தை, பதில் வராததால், எஃப்-75 சிகிச்சைப் பாலை மட்டும் குடித்துக்கொண்டு கிடப்பதை எப்படி ஏற்க முடியும்? இரத்தத்தை அனுப்பாமல் அங்கேயே ஒன்றரை மணி நேரத்துக்குள் பதில் சொல்லும் இயந்திரங்கள் இப்போது இருக்கின்றன. அவை நிற்க வேண்டிய முதல் இடம் ஊட்டக்குறைவு வார்டு. 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, சகாராவுக்குத் தெற்கே கடும் ஊட்டக்குறைவோடு வந்த குழந்தைகளில் 29 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருந்தது, தொற்றியவர்களில் 30 விழுக்காட்டினரும், தொற்றாதவர்களில் 8 விழுக்காட்டினரும் இறந்தார்கள். தடுப்பு மருந்துகளால் இன்று தொற்று விகிதம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் கண்டுபிடிக்கப்படாத குழந்தைகள் கடைசியில் வந்துசேரும் வாசல் இதுதான்.

எச்.ஐ.வி. மருந்தும் எளிதாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். பழைய லோபினவிர் கரைசல் தாங்க முடியாத கசப்பு, அதில் 42 விழுக்காடு ஆல்கஹால், குளிர்பெட்டி வேறு வேண்டும். வாந்தியெடுக்கும் மெலிந்த பிள்ளைக்கு அதைப் புகட்டிய தாய்மாரின் பாட்டைச் சொல்லி முடியாது. 2021 முதல் நீரில் கரையும் டொலூட்டெக்ரவிர் மாத்திரை வந்தது. ஸ்ட்ராபெரிச் சுவை, விலையும் குறைவு. எப்போது தொடங்குவது என்பதில்தான் கவனம் தேவை. கடும் ஊட்டக்குறைவில் உடல் தன் இயக்கங்களையெல்லாம் தாழ்த்தி வைத்திருக்கும். சர்க்கரை தாழ்ந்திருக்கிறதா, உடம்பு குளிர்ந்திருக்கிறதா, இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று முதலில் பார்த்து நிலைப்படுத்த வேண்டும். அது முடிந்ததும் தாமதமின்றி ஏ.ஆர்.டி. என்பதே 2013 முதலான வழிகாட்டுதல். கென்யாவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட தொற்றுக் குழந்தைகளுக்கு இரண்டு நாளுக்குள் தொடங்குவதையும் ஓரிரு வாரத்தில் தொடங்குவதையும் ஒப்பிட்டபோது இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே சில நாள் பொறுப்பது பாதகமில்லை. கோப்பு ஒரு கட்டிடத்திலிருந்து அடுத்த கட்டிடத்துக்குப் போக ஒரு மாதம் ஆவதுதான் பாதகம்.

அந்த இரண்டு கட்டிடங்கள்தான் என் முக்கியமான குறை. ஒன்றில் எடை பார்க்கிறார்கள், பொட்டலம் கொடுக்கிறார்கள். மற்றொன்றில் வைரஸ் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டுக்கும் தனித்தனி நாள், தனித்தனி அட்டை, பெரும்பாலும் தனித்தனி நன்கொடையாளர். தாய் மாத்திரை வாங்கும் நாளும் பிள்ளை பொட்டலம் வாங்கும் நாளும் ஒன்றாக இருந்தால் அவளுக்கு ஒரு நடை மிச்சம். நடையும் கூலியும் மிச்சமானால் மருந்து தவறாது. மருந்து தவறாமல் இருந்தால் பாலில் வைரஸ் மிகமிகக் குறையும். பிள்ளை பாலை விடாது. சங்கிலியின் இந்தக் கண்ணிகளை அறியாதவர்கள் எவருமில்லை. இருந்தும் பிள்ளையின் ஊட்டச்சத்து அட்டையில் தாயின் வைரஸ் அளவை எழுத ஒரு கட்டம்கூட இல்லாத ஊர்கள் உண்டு.

இனி, பி.சி.ஆர். பதில் நல்லபடியாக வந்த குழந்தை. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்து தொற்றாமல் தப்பிய குழந்தைகள் இன்று உலகில் ஒன்றரைக் கோடிக்கும் மேல், பெரும்பான்மை ஆப்பிரிக்காவில். திட்டங்களின் கணக்கில் இவர்கள் வெற்றி. அதனாலேயே கணக்கிலிருந்து விடுபட்டுவிடுகிறார்கள். ஜிம்பாப்வேயின் சிருமான்சு, ஷுருக்வி மாவட்டங்களில் நடந்த ஷைன் ஆய்வில், ஒன்றரை வயதில் இந்தக் குழந்தைகளில் பாதிப்பேர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் குட்டையாக இருந்தார்கள். அதே ஊர்களில் தொற்றில்லாத தாய்மாரின் குழந்தைகளில் மூன்றில் ஒருவர்தான் அப்படி. இறப்பும் இவர்களிடையே அதிகம். கருவில் தாயின் உடல் அழற்சியோடு வளர்ந்தது, முன்கூட்டிய பிறப்பு, வீட்டில் நோயும் வறுமையும், சில நேரம் பெற்றோர் இறப்பு எனக் காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. வைரஸ் பிள்ளைக்குள் நுழையாமலே பிள்ளையைத் தொட்டுவிடுகிறது.

ஷைன் ஆய்வு ஒரு வழியும் காட்டியது. ஆறாவது மாதத்திலிருந்து பதினெட்டாவது மாதம் வரை, இணை உணவு கொடுக்கும் முறையை வீடு தேடிச் சென்று கற்பித்து, தினம் 20 கிராம் நெய்ப்பசையும் கொடுத்தபோது, தொற்றுள்ள தாய்மாரின் குழந்தைகளிடையே குட்டைத்தன்மை 50 விழுக்காட்டிலிருந்து 40க்கு இறங்கியது. கழிப்பறையும் கைகழுவும் தொட்டியும் கொடுத்ததால் வளர்ச்சியில் மாற்றமில்லை. இதைப் படிக்கும்போது எனக்கு இரண்டு உணர்வும் ஒன்றாக எழுகின்றன. பத்து விழுக்காடு என்பது சிறிதல்ல. எடை விழுந்து வார்டுக்கு வரும்வரை காத்திராமல் முன்பே கை நீட்டியதன் பலன் அது. மிச்சமிருக்கும் நாற்பதைப் பசைப் பொட்டலம் ஒன்றே தீர்க்காது என்பதும் அதே எண்ணில் இருக்கிறது.

இதே குழந்தைகளுக்குத் தினமும் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பற்றியும் ஒரு வார்த்தை. தொற்றிய குழந்தைகளின் உயிரை அது காப்பதை 2004இல் ஜாம்பியா ஆய்வு நிறுவியது. இறப்பு 43 விழுக்காடு குறைந்தது. பதில் தாமதமாவதால், தொற்றியதா இல்லையா என்று தெரியாத எல்லோருக்கும் அதைக் கொடுப்பது வழக்கமாயிற்று. ஆனால் தொற்றாத குழந்தைகளுக்கு அதனால் உயிர்ப்பலன் இல்லையென்று போட்ஸ்வானா ஆய்வு 2017இல் காட்டியது. உடனடிப் பரிசோதனை பரவலானால் இந்தச் சுமையைப் பல குழந்தைகளிடமிருந்து இறக்கிவிடலாம்.

பொட்டலத்துக்கு வீட்டில் என்ன நேர்கிறது என்பதையும் நேர்மையாகப் பேச வேண்டும். மலாவியில் ஜனவரி முதல் மார்ச் வரை பசிக்காலம். பழைய மக்காச்சோளம் தீர்ந்திருக்கும், புதியது விளைந்திருக்காது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் இனிப்பான வேர்க்கடலைப் பசை ஒருவனுக்கு மட்டும் என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? 'பகிர்ந்துகொள்கிறார்கள்' என்று அறிக்கைகள் குறைப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பிழை பகிர்வில் இல்லை. குடும்பத்துக்கென்று எதையும் தராமல் மெலிந்த பிள்ளைக்கு மட்டும் அளந்து தரும் ஏற்பாட்டில் இருக்கிறது. பால் கொடுக்கும் தாய், தானே ஏ.ஆர்.டி. மருந்தை வெறும் வயிற்றில் விழுங்குகிறவள். அவளுக்கும் ஓர் உணவுப் பங்கு வேண்டும் என்பது ஆடம்பரமாகக் கருதப்படுகிறது. தாய் இறந்து பாட்டி வளர்க்கும் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். அகோகோ என்று மலாவியர் அழைக்கும் அந்தப் பாட்டிமார், நிதியறிக்கைகளில் எங்கேயும் ஒரு பத்தியாகக்கூட வருவதில்லை.

வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகிறார்கள் என்ற கேள்வியையும் மலாவிதான் துணிந்து கேட்டது. பிளாண்டயரின் குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் 2006-07இல் கடும் ஊட்டக்குறைவுக்குச் சேர்க்கப்பட்ட 1,024 குழந்தைகளை ஓராண்டு கழித்துத் தேடிப் பார்த்தார்கள். 42 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள், அவர்களில் நன்றாகத் தேறி வீடு திரும்பியவர்களும் உண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்களும் ஒரு வயது நிரம்பாதவர்களும் அதிகம் இறந்தார்கள். வார்டின் பதிவேட்டில், வீடு திரும்பிய பின் இறந்தவர்களில் சிலர் 'குணமடைந்தார்' என்றே எழுதப்பட்டிருப்பார்கள். எடை இலக்கைத் தொட்ட நாளைக் குணமடைந்த நாளாகக் கொள்வது எவ்வளவு பொய்யான கணக்கு என்பதை இந்த ஒரு தேடல் காட்டிவிட்டது. சிகிச்சைத் திட்டங்களே எவ்வளவு நிலையற்றவை என்பது 2025 ஜனவரியில் தெரிந்தது. அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, எச்.ஐ.வி. மருந்துத் திட்டங்களும் பொட்டலத் திட்டங்களும் ஒரே வாரத்தில் ஆட்டம் கண்டன. இரண்டும் வேறு வேறு கட்டிடங்களாக இருந்தாலும் அடியில் ஒரே தூண் நின்றது.

நான் மிகவும் மதிக்கும் ஒரு செய்முறையைச் சொல்லாமல் இதை முடிக்க மனமில்லை. அது மெலிந்த பிஞ்சுகளுக்கானது. சிகிச்சையின் பல பலங்களும் ஒன்றாகத் தெரிவது அங்கேதான். மெல்லிய குழாய் ஒன்றின் நுனியைத் தாயின் முலைக்காம்போடு ஒட்டி வைப்பார்கள். மறுமுனை ஒரு கிண்ணத்துப் பாலில். பிள்ளை மார்பைச் சப்பும்போது கிண்ணத்துப் பாலும் சேர்ந்து வரும். வயிறு நிறையும், தாயின் மார்பும் தூண்டப்படும். முதல் நாட்களில் கிண்ணத்தைக் காம்புக்குச் சற்றே கீழே பிடிப்பார்கள், பிள்ளைக்குச் சிரமம் தெரியாது. அது வலுவடைய வலுவடையக் கிண்ணத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக ஓரடி அளவுக்குத் தாழ்த்துவார்கள், இன்னும் வலுவாக உறிஞ்ச வேண்டியிருக்கும். கிண்ணத்துப் பால் குறையும், தாயின் பால் கூடும். ஒருநாள் குழாயை எடுத்துவிடுவார்கள். தாய் ஏ.ஆர்.டி. மருந்தைத் தவறாமல் எடுக்கிறாள் என்றால் தொற்றுள்ள பெண்ணுக்கும் இது அப்படியே பொருந்தும்.

இதற்குக் காப்புரிமை இல்லை, இறக்குமதி இல்லை. தேவைப்படுவது ஒரு செவிலியர், ஒரு நாளைக்கு எட்டு முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. நாற்பது குழந்தைகளுக்கு ஒரு செவிலியர் இருக்கும் வார்டில் அது முடிவதில்லை. அங்கே எஃப்-100 பாலைக் கரைத்துக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பது சுலபம்; எடையும் சீக்கிரம் ஏறும். மாத அறிக்கையில் எத்தனை பேர் எடை ஏறிப் போனார்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. எத்தனை பேர் மார்பில் பால் குடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை.